ஜோத்பூரில் கோடைக்காலம்

மாசி மாதம் முடிவதற்குள்ளாகவே ஜோத்பூரில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். ரயில் பயணத்திற்கு 60 நாட்களுக்கு முன்னர்தான் இடம் பதிவு செய்யலாம் என்பது இப்போதைய விதி. பள்ளிக்கூடங்களோ மே நடுவில் மூடப்படுகின்றன. ஆகவே, பங்குனித் தொடக்கத்தில் விழித்திருந்தவருக்கு வைகாசியில் இடம் கிடைக்கும். உறங்கியவருக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். "நீர் ரயில்வே குமாஸ்தா ஆயிற்றே, உமக்கென்ன குறை?" என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அந்தப் பட்டியலுக்குக் குமாஸ்தாவும் ஒன்றுதான், கோடீசுவரரும் ஒன்றுதான் என்றால் அவர்கள் நம்புவதில்லை.

இவ்வாறு பெண்டிரும் குழந்தைகளும் ஊருக்குச் சென்றுவிட, ஆடவர் மட்டும் தனியே சமைத்துண்டு வெயிலை நொந்துகொண்டு நாட்களைத் தள்ளுவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. இதில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே விடுமுறை ஜூன் பிற்பகுதி வரை நீள்கிறது. தமிழ்நாட்டிலோ ஜூன் தொடக்கத்தில் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. நம் குழந்தைகள் ஆவலோடு போய் இறங்கிச் சில நாட்கள் ஆவதற்குள் அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். பிறகு திண்ணையும் தொலைக்காட்சியுமே துணை. இது ஒருபுறமிருக்க, ஆண்டுதோறும் கோடையில் ஓடிவிடும் குழந்தைக்குத் தான் வளர்கின்ற ஊர் பாதிதான் தெரியும். மார்வார் நாட்டின் அழகில் பெரும்பகுதி கோடையின் காலைகளிலும் இரவுகளிலும் இருக்கிறது.

எங்கள் குடும்பம் இரண்டு கோடைகளை முழுமையாக இங்கேயே கழித்திருக்கிறது. முதலாவது கோடை, என் தங்கையின் திருமணத்திற்கே விடுப்பெல்லாம் செலவாகிவிட்டமையால் வேறு வழியின்றிக் கழிந்தது. இரண்டாவது, விரும்பிக் கழித்தது. ஊர்ப் பயணத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பாட்டியின் மடிக்கு ஈடு ஏது? ஆனால் ரயில்வேயிலும் இராணுவத்திலும் விமானப் படையிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிந்துகொண்டு, ஜோத்பூரிலோ பிகானேரிலோ ஜெய்சல்மேரிலோ கோடையில் தங்க நேரிடும் குடும்பங்கள் அதைச் சிறைவாசமாகக் கருத வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வெயிலைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். மே மாதத்தில் ஜோத்பூரின் பகல் வெப்பம் 41, 42 டிகிரியில் நிற்பது சாதாரணம். 45ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. இதற்கு வடமேற்கே உள்ள பலோதி என்னும் ஊரில் 2016ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி 51 டிகிரி பதிவாயிற்று. மேற்கிலிருந்து பகல் முழுவதும் வீசும் அனல் காற்றுக்கு இங்கே 'லூ' என்று பெயர். நமக்கு அக்கினி நட்சத்திரம் எப்படியோ அப்படி இவர்களுக்கு 'நௌதபா'. சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் புகும் மே 25 வாக்கில் தொடங்கி ஒன்பது நாட்கள் அது நீடிக்கும். நம்மூரில் கத்திரி விடைபெறும் சமயத்தில் இங்கே நௌதபா வந்து உட்காருகிறது! அந்த ஒன்பது நாளும் நன்றாகக் காய்ந்தால்தான் மழை நன்றாகப் பெய்யும் என்பது குடியானவர் நம்பிக்கை. ஆகையால், வெயில் கடுமையாக அடித்தால் நாம் முகம் சுளிக்கிறோம். அவர்கள் உள்ளூர மகிழ்கிறார்கள்.

இவ்வூரார் கோடையை வெல்ல முயல்வதில்லை. பகலை அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மற்ற வேளைகளைத் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டு மேல்மாடியில் இருக்கும் மூதாட்டியாரை எல்லோரும் 'மாஜி' என்றே அழைப்பர். முதற்கோடையில் என் மனைவி நம்மூர் வழக்கப்படி காலை பத்து மணிக்குச் சன்னல்களை யெல்லாம் காற்றுக்காகத் திறந்துவைத்தாள். மாஜி இறங்கி வந்து ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, "பீந்தணி, வெளியே இருப்பது காற்று அல்ல, அடுப்பு. அடுப்பை யாராவது வீட்டுக்குள் அழைப்பார்களா?" என்றார். பீந்தணி என்றால் மருமகள். அன்று முதல் ஒன்பது மணிக்குச் சன்னல்கள் மூடப்படும். திரைக்கு நீர் தெளிக்கப்படும். மாலை ஏழுக்குத்தான் எல்லாம் திறக்கப்படும். கடைவீதியிலும் நடுப்பகலில் நடமாட்டம் ஓய்ந்துவிடுகிறது. பழைய நகரின் சந்துகள் மிகக் குறுகியவை. ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டின்மேல் விழும்படி கட்டியிருக்கிறார்கள். சுவர்கள் தடித்த கல். பிரம்மபுரிப் பகுதியில் வீடுகளுக்குச் சுண்ணாம்போடு நீலம் கலந்து பூசியிருப்பது உலகப் பிரசித்தம். அதற்குக் காரணங்கள் பலவாறு சொல்லப்படுகின்றன. அந்தச் சந்தில் நுழைந்தவுடன் கண் குளிர்வது மட்டும் உண்மை.

நம்மவர் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறது. சட்டை நனைவதைக் கண்டு நாம் தண்ணீர் குடிக்கிறோம். இங்கே காற்று வறண்டிருப்பதால் வேர்வை தோன்றும்போதே ஆவியாகிவிடுகிறது. உடம்பில் ஈரமே தெரியாது. ஆனால் நீர் போய்க்கொண்டே இருக்கும். தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த என் தகப்பனார் ஒரு வைகாசியில் இங்கே வந்திருந்தார். "நம்மூரைவிட இது தேவலை, வேர்வையே இல்லையே!" என்று வியந்தார். "மாமா, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்" என்று என் மனைவி நீட்டும்போதெல்லாம், தாகமில்லை என்று சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் பிற்பகல் எழுந்து நின்றவர் தலைசுற்றி அப்படியே கட்டிலில் சாய்ந்தார். மாஜி வந்து, சுட்ட மாங்காயைப் பிசைந்து உப்பும் சீரகமும் வெல்லமும் சேர்த்துக் கரைத்த பானகத்தைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். மாலைக்குள் தெளிந்துவிட்டது. மருத்துவரும் வந்து பார்த்து, நீர் வற்றியதுதான் காரணம் என்றார். அதன்பின் தகப்பனாரின் கட்டிலருகே ஒரு கூஜா எப்போதும் இருந்தது. தாகம் எடுக்கிறதோ இல்லையோ, மணிக்கொரு முறை குடிக்க வேண்டும் என்பது உத்தரவு.

இத்தகைய தலைசுற்றல் வேறு; வெப்ப அதிர்ச்சி வேறு. உடம்பு நெருப்பாய்க் கொதித்துப் பேச்சுத் தடுமாறினால் பானகம் கரைத்துக்கொண்டு நிற்கலாகாது. நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெங்கும் நீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குழந்தைகளையும் முதியோரையும் உடைய இல்லங்களில் இதை அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

காற்று வறண்டிருப்பதால் ஒரு பெரும் நன்மையும் உண்டு. நீர் விரைவில் ஆவியாகும் இடத்தில் குளிர்ச்சியும் விரைவில் உண்டாகும். சென்னையில் பயனற்றதென்று நாம் ஒதுக்கும் 'கூலர்' என்னும் பெட்டி இங்கே அற்புதம் செய்கிறது. மரச்சீவலோ வெட்டிவேரோ அடைத்த தட்டிகளின்மேல் நீர் சொட்ட, விசிறி அதன் வழியே வெளிக்காற்றை இழுத்து அறைக்குள் அனுப்புகிறது. இவர்கள் 'கஸ்' என்பது நம் வெட்டிவேரேதான். முதல் தண்ணீர் பட்டவுடன் அறை முழுவதும் பரவும் அந்த மணம், கண்ணை மூடிக்கொண்டால் கோயில் திருவிழாவை நினைவூட்டும். புதிதாக வருவோர் கூலரை ஓட்டிவிட்டுக் கதவு சன்னல்களை யெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். அப்போது அறை புழுங்கும். உள்ளே வந்த காற்று வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழி இருந்தாக வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவைக்காவிடில் கொசுவுக்கு அதுவே நாற்றங்காலாகும். மண்பானை நீரும் அவ்வாறே. நம்மூர்ப் பானையைவிட இங்கே பானை நீர் நன்றாகக் குளிர்கிறது; காரணம் பானையில் இல்லை, காற்றில் இருக்கிறது. பழைய எஞ்சின் டிரைவர்கள் கித்தான் துணிப்பையில் நீர் நிரப்பி வண்டிக்கு வெளியே காற்றில் தொங்கவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் 360 மில்லிமீட்டர் சுமாருக்கே மழை பெறும் ஊர் இது. ராவ் ஜோதா 1459இல் கோட்டை கட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே, பாறைகளில் விழும் மழையை ராணிசர், பத்மசர் முதலிய குளங்களுக்குத் திருப்பிச் சேமித்து வாழ்ந்திருக்கிறார்கள். இப்போது பஞ்சாபிலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாயின் நீரே மேடேற்றப்பட்டு இங்கு வருகிறது. கோடைத் தொடக்கத்தில் கால்வாயைப் பழுதுபார்க்க மூடுவார்கள். 'நஹர்பந்தி' என்று பெயர். அந்நாட்களில் குழாயில் நீர் குறையும். 2022இல் ஜோத்பூரிலிருந்து பாலி நகருக்குத் தண்ணீர் ரயில் சென்றது. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குச் சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே, மூன்று வேளைக் குளியல் என்னும் நம் வழக்கத்தை இங்கே காலையிலும் இரவிலும் ஒரு வாளியாகச் சுருக்கிக்கொள்வது நலம். இவ்வளவு முடையிலும் தெருமுனைதோறும் 'பியாவ்' என்னும் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார்கள். ஸ்டேஷனில் வண்டி நின்றவுடன் தொண்டர்கள் குவளையும் குடமுமாகச் சன்னல் சன்னலாக ஓடுவார்கள். எந்த ஊர், எந்த ஜாதி என்று அங்கே கேள்வி இல்லை. என் மூத்த பெண் ஒரு நாள் அவர்களுடன் சேர்ந்துகொண்டு ஒரு வண்டி முழுவதற்கும் நீர் வார்த்தாள். அது தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் வண்டி.

இனி மகிழ்ச்சிக்குரிய வேளைகள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிட்டால் எட்டு மணி வரை ஊர் நம்முடையது. நகரின் வடக்கே ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் மண்டோர் இருக்கிறது; ஜோத்பூர் தோன்றுமுன் மார்வாரின் தலைநகர் அதுவே. மார்வார் மன்னர்களின் நினைவு மண்டபங்கள் செந்நிறக் கல்லில் கோயில் போலவே எழும்பி நிற்க, சுற்றிலும் சோலை. மண்டோதரி இவ்வூர்ப் பெண் என்றும், இராவணன் இங்கேதான் மணம் முடித்தான் என்றும் உள்ளூரார் சொல்கிறார்கள். அப்படியானால் இலங்கை வேந்தன் இவ்வூர் மாப்பிள்ளை. தெற்கிலிருந்து வந்த நமக்கும் கொஞ்சம் மரியாதை கிடைக்க நியாயம் உண்டு! அங்குள்ள குரங்குகளிடம் தின்பண்டத்தைக் காட்டாதிருப்பது நல்லது.

மேரான்கட் கோட்டையின் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என ஒன்று உளது. 2006இல் வேலை தொடங்கி 2011இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சுமார் 70 ஹெக்டேர் பரப்புள்ள அப்பாறை நிலம் முழுவதையும் முன்பு ஒரு முட்செடி ஆக்கிரமித்திருந்தது. அது வேறொன்றுமில்லை, இராமநாதபுரம் முதல் திருவள்ளூர் வரை நம்மை வாட்டும் சீமைக்கருவேலமே! பாறையைக் குடைந்து அதை வேரோடு அகற்றிப் பாலைக்கே உரிய செடிகளை நட்டு வளர்த்திருக்கிறார்கள். நம்மூரில் இதைச் செய்ய முடியாதா என்று ஏங்காமல் அங்கிருந்து திரும்பிய தமிழர் எவரையும் நான் கண்டதில்லை.

இந்நாட்டின் தெய்வமாகக் கொண்டாடப்படும் 'கேஜ்ரி' மரமோ நம் வன்னி மரம். விருத்தாசலத்தில் தலவிருட்சமாக நாம் வலம்வரும் அதே வன்னி, இங்கே வயல்தோறும் நிற்கிறது. மற்றச் செடிகள் கருகும் கடுங்கோடையில்தான் அது புதுத் தளிர் விடுகிறது. ஜோத்பூருக்குத் தென்கிழக்கே 26 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேஜட்லி கிராமத்தில் 1730இல் அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாய்க்காக வன்னி மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தனர். அமிர்தாதேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் நீத்தார். அவரைத் தொடர்ந்து பிஷ்ணோய் மக்கள் மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் குழந்தைகளோடு சென்று அந்த மரநிழலில் இருந்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பினோம். மான்கள் அஞ்சாமல் வயலில் மேய்ந்துகொண்டிருந்தன.

மாலையைப் பற்றிக் கேட்பானேன்! ஆனி மாதத்தில் சென்னையில் 6½ மணி சுமாருக்கு மறையும் சூரியன், மேற்கே தள்ளி இருக்கும் இவ்வூரில் 7½ மணிக்குத்தான் மறைகிறான். அலுவலகம் முடிந்து வந்த பின்னும் குழந்தைகளுக்கு ஒரு முழு மாலைப்பொழுது மீதமிருக்கும். மணிக்கூண்டுச் சந்தையில் வெண்ணெய் மிதக்கும் லஸ்ஸியைக் கரண்டியால்தான் உண்ண வேண்டும், அவ்வளவு கெட்டி. அருகிலேயே 1740களில் மன்னர் அபய்சிங்கின் அரசி கட்டுவித்த தூர்ஜி படிக்கிணறு. நெடுங்காலம் குப்பையில் புதைந்துகிடந்ததைத் தூர்வாரிப் புதுப்பித்திருக்கிறார்கள். படிகளில் அமர்ந்தால் கீழிருந்து குளிர் எழும்பி வரும். உள்ளூர் இளைஞர்கள் மேலிருந்து குதிப்பார்கள். நம் பிள்ளைகள் பார்த்தால் போதும், ஆழம் மிகுதி.

சித்திரை வாக்கில் வரும் தீங்கா கவர் என்னும் விழா இரவில் நடப்பது; பெண்களுக்கே உரியது. அவர்கள் தேவராகவும் மன்னராகவும் போலீஸ்காரராகவும் வேடமிட்டுக் கையில் கோலோடு பழைய நகரை வலம் வருவார்கள். அக்கோலால் அடிபட்ட பிரமசாரிக்கு விரைவில் திருமணமாகும் என்பது ஐதீகம். எங்கள் அலுவலகத்துத் திருநெல்வேலி இளைஞர் ஒருவர் வேண்டுமென்றே போய் நின்று அடி வாங்கி வந்தார். அடுத்த தையிலேயே திருமணம். பெண் பார்த்தது அவருடைய தாயார்; பெருமை முழுவதும் தீங்கா கவருக்குப் போய்விட்டது.

இரவில் மொட்டைமாடியே படுக்கையறை. இங்கே கூரைக்குக் கற்பலகை பாவுவார்கள். அது பகல் வெப்பத்தை எளிதில் விடாது. ஆதலால் பொழுது சாயும் வேளையில் ஒரு வாளி நீர் தெளித்துவிட வேண்டும். ஈரமும் மேகமும் இல்லாத வானத்தில் நிலத்தின் சூடு விரைவாக ஏறிப் போய்விடுவதால், நள்ளிரவுக்குமேல் மெல்லிய போர்வை தேடும்படி ஆகும். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி நட்சத்திரங்களைப் பார்க்கும் பேறு சென்னையில் யாருக்கு வாய்க்கிறது? எங்கள் சிறுவனுக்குச் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டிக்கொடுத்தவர் அடுத்த மாடியிலிருந்த தாத்தா ஒருவர். மொழி தெரியாமலே இருவரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டார்கள். சில மாலைகளில் மேற்கு வானம் காவி நிறமாகும். 'ஆந்தி' வருகிறது என்று ஒரு மாடி கூவ, தெருவெல்லாம் கூவும். துணிகளையும் குழந்தைகளையும் வாரிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். கால்மணி நேரம் புழுதி ஊரையே விழுங்கிவிடும். பிறகு வரும் குளிர்ச்சிக்காக ஒரு மணி நேரம் வீடு பெருக்கலாம் என்பது என் கட்சி. பெருக்குகிறவள் கட்சி வேறு.

உணவிலே நமக்கு அந்நியம் ஒன்றுமில்லை. கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழுக்கு இங்கே 'ராப்' என்று பெயர். கம்பங்கூழ் என்று சொல்லி ஒரு சின்ன வெங்காயத்தைக் கையில் கொடுத்தால் மதுரைக்காரர் எவரும் மறுக்க மாட்டார். கோடை பிறக்குமுன் சீதளா அஷ்டமியன்று அடுப்பு மூட்டாமல் முந்தைய நாள் சமைத்த ஆறிய உணவையே படைத்து உண்கிறார்கள். பழைய சோற்றின் மகிமை அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் வன்னியின் பிஞ்சுக் காய்களைப் பறித்து வேகவைத்து உலர்த்துகிறார்கள். இதுவே 'சாங்க்ரி'. 'கேர்' என்னும் கசப்பான சிறு காயை உப்பு நீரிலும் மோரிலும் பல நாள் ஊறவைத்து, நம் சுண்டைக்காயைப் போலப் பக்குவம் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சமைத்தால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வேறெதுவும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் கெடாதாகையால் பயணத்திற்கும் உகந்தது.

இரண்டாவது கோடையில் மாஜியும் என் மனைவியுமாகச் சேர்ந்து மாடியில் சாங்க்ரி உலர்த்தினார்கள். அதில் ஒரு பொட்டலத்தை ஊருக்குச் செல்லும் நண்பர் கையில் கொடுத்து என் தாயாருக்கு அனுப்பினோம். எப்படிச் சமைப்பது என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தாள். தாயார் அதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. காய்களை அப்படியே வற்றல் குழம்பில் போட்டுவிட்டார். நன்றாக இருந்ததாம், இன்னும் ஒரு படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.